கரையேறிய பிறகு சொல்ல வேண்டியது

ஜெனரல் யெரோனிமாஸ் நர்வைஷாவுக்கு வாழ்க்கையில் பயம் இரண்டே இரண்டுதான். ஒன்று பல் பிடுங்குகிறவன், இன்னொன்று சதுப்பு. பல் பிடுங்குகிறவனிடமிருந்து ஐம்பது வயதுவரை எப்படியோ தப்பித்துவிட்டார். சதுப்பு இப்போது கண்ணெதிரே மூன்று மைலுக்குப் பாசி பிடித்துக் கிடந்தது. பின்னால் ஸ்வீடன்காரனின் ஆயிரம் குதிரைகள் பீரங்கியோடு வந்துகொண்டிருந்தன, பொழுது சாய்வதற்குள் வந்துவிடும்.

பதினெட்டு வயதில் ஒரு ஈட்டியும், அப்பாவிடம் கெஞ்சி வாங்கிய ஒரு குதிரையுமாகப் பட்டாளத்தில் சேர்ந்தவர் அவர். ஸ்மோலென்ஸ்க் கோட்டையடியில் இடது காதில் பாதியை விட்டுவிட்டு வந்தார். கொசாக்குகளோடு மூன்று பனிக்காலம் மல்லுக்கட்டினார். கேப்டன், கர்னல், ஜெனரல் என்று ஏறினார். போன வருஷம் லிதுவேனியாவின் பெரிய பெரிய கோமான்களெல்லாம் ஸ்வீடன் ராஜாவின் காலடியில் வரிசையாக நின்று கையெழுத்துப் போட்டபோது, இவர் மட்டும் பேனாவைத் தொடாமல் குதிரையேறிப் போய்விட்டார். நல்ல காரியம்தான். ஆனால் நல்ல காரியம் சோறு போடாது. இன்று அவரிடம் மிஞ்சியது ஜெனரல் பட்டமும் முந்நூற்றுப் பத்துக் குதிரைவீரர்களும்தான்.

சதுப்புக்கு அக்கரையில் அந்த வட்டாரத்துக் கனவான்கள் கலகக்கொடி தூக்கி அவருக்காகக் காத்திருந்தார்கள். அவர் போய்ச் சேர்ந்தால் அது ஒரு படை. சேராவிட்டால் தூக்குமரத்துக்கு ஆள் சேர்த்த கதைதான்.

"தண்ணிக்கடியில கல்பாதை இருக்குன்னு சொன்னீங்களே?" என்றான் தாத்தார் கேப்டன் அஸ்லான். பதினைந்து வருஷமாக ஜெனரலோடு ஒரே கூடாரத்தில் குறட்டை விடுகிறவன், அதனால் எதையும் கேட்பான்.

இருந்தது. எதிரிக்குத் தெரியாமல் முப்பாட்டன் காலத்தில் பாவிய பாதை. நேராகப் போகாது, குடிகாரன் வீடு திரும்புவதுபோல வளைந்து வளைந்து போகும். ஒரு அடி தவறினால் குதிரையும் ஆளும் உள்ளே. அதன் வளைவெல்லாம் அத்துப்படியாகத் தெரிந்தது, காட்டு மரங்களில் தேன் எடுக்கும் ஒரே ஒரு குடும்பத்துக்குத்தான்.

"அப்ப போய்க் கேக்க வேண்டியதுதானே? உங்க ஊர் ஆளுங்கதானே?"

"அதான் சிக்கலே," என்றார் ஜெனரல்.

லிதுவேனியாவின் மேற்கில் இருக்கும் எங்கள் ஜெமைத்திய நாட்டில் தேனீயை யாரும் விற்பதில்லை, வாங்குவதும் இல்லை. ஒரு வீட்டுத் தேனீக்கூட்டம் பறந்துபோய் இன்னொருவர் மரத்தில் அடைந்தால், அன்றிலிருந்து இரண்டு வீடும் உறவு. தேனுறவு என்போம். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தத்தைவிட ஒரு படி மேல். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தேனெடுக்கும் குடும்பத்துக் காஸ்பரஸின் கூட்டம் வந்து நர்வைஷா மாளிகையின் லிண்டன் மரத்தில் அடைந்தது. காஸ்பரஸ் துணியில் கருப்பு ரொட்டியைச் சுற்றி எடுத்துக்கொண்டு, முறைப்படி உறவு கொண்டாட வாசலுக்கு வந்தான். காயத்தோடு விடுப்பில் வந்திருந்த இளம் லெப்டினன்ட் யெரோனிமாஸ், "என் மரத்துல உக்காந்தது என்னோடது. உன்கூட ஒரே மேஜையில நான் உக்காரணுமா? போய்யா," என்று கதவைச் சாத்தச் சொன்னார்.

அதற்கப்புறம் ஊரில் எல்லோரும் தொப்பியைக் கழற்றி அவரை வணங்கினார்கள். ஒரு கல்யாணத்துக்குக்கூட யாரும் அழைக்கவில்லை.

காஸ்பரஸ் இறந்துவிட்டான். அவன் மனைவி உர்ஷுலே ஒரு உயரமான பைன் மரத்தில், இடுப்பில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டு தேன்பொந்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். ஜெனரல் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். ராஜாவின் முன்னால்கூட அவ்வளவு அண்ணாந்து பார்த்ததில்லை.

"உர்ஷுலே! கீழ வா. ஒரு அவசரம்."

"யாரு? நர்வைஷா எசமானா? பாதிக் காத வெச்சே கண்டுபிடிச்சிட்டேன்." அவள் இறங்கவில்லை. "சொல்லுங்க, இங்க நல்லாவே கேக்குது."

"கல்பாதையைக் காட்டணும். சதுப்போரக் காடு முழுசும் உனக்கு எழுதித் தரேன்."

மேலேயிருந்து சுரண்டிய மெழுகுக் குப்பை அவர் தோளில் விழுந்தது. தற்செயலா வேண்டுமென்றா என்று கடைசிவரை தெரியவில்லை.

"காடு எதுக்கு எசமான்? தேனீக்குக் காடு யாருதுன்னு தெரியாது."

அஸ்லான் மீசைக்குள் சிரித்தான். ஜெனரலுக்கு முகம் சிவந்தது. கோபம் வந்தால் திட்டுவதற்கு வாயைத் திறக்கும் மனுஷர், அன்று திறந்தபோது வேறு ஏதோ வந்தது.

"உன் புருஷனுக்கு நான் செஞ்சது தப்பு. அந்த உறவை இப்ப..."

"ஐயையோ, வேணாம் வேணாம்!" சரசரவென்று இறங்கி வந்தாள். நாற்பத்தைந்து வயது, கையெல்லாம் பிசின். "இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க. கழுத்துல கத்தி இருக்கறப்ப எவனும் என்ன வேணாலும் சொல்லுவான். ஆத்தக் கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்தப்புறம் நீ யாரோ நான் யாரோ. கரையேறினப்புறம் சொல்ல வாய் வருதான்னு பாப்போம்."

"அப்ப பாதை?"

"பாதைக்கு என்ன, காட்டறேன். ஸ்வீடன்காரன் என் பன்னி ரெண்டையும் தின்னுட்டான். உங்களுக்காக இல்ல."

குதிரைகளின் கண்களைத் துணியால் கட்டினார்கள். முன்னால் உர்ஷுலே, கையில் நீளக் கழி. அவள் இடுப்புக் கயிற்றின் நுனி ஜெனரலின் கையில். அவர் பெல்ட்டைப் பிடித்து அஸ்லான், அவன் பெல்ட்டை அடுத்தவன். லிதுவேனிய ராஜ்ஜியத்தின் கனவான் வீட்டுப் பிள்ளைகள் முந்நூறு பேர், ஒரு குடியானவச்சியின் பின்னால் குழந்தைகள்போல வால்பிடித்துப் போனார்கள். மே மாதம்தான், ஆனாலும் தொடைவரை வந்த தண்ணீர் எலும்பைக் கடித்தது.

பாதி வழியில் திரும்பிப் பார்க்காமலே அவள் கேட்டாள். "அந்தத் தேன் எப்படி இருந்துச்சு எசமான்?"

ஜெனரல் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"வாயில வெக்கல."

"ஒரு வருஷம்கூடவா?"

"ஒரு வருஷம்கூட. தட்டுல வெச்சாங்க. இறங்கல."

அவள் கழியால் அடுத்த கல்லைத் தட்டிப் பார்த்து நடந்தாள். அவள் ஏசியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. அந்த யோசனையில் ஒரு அடி தள்ளி வைத்துவிட்டார். மார்புவரை சேறு வாங்கிக்கொண்டது. கயிறு விறைத்தது. அவள் கழியைக் கல்லிடுக்கில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். அஸ்லான் பின்னாலிருந்து காலரைப் பிடித்துத் தூக்கினான். "முப்பத்திரண்டு வருஷ சர்வீஸுல இப்படி ஒரு சாவா வேணும் உங்களுக்கு?" என்று திட்டினான்.

அவர்கள் அக்கரையைத் தொட்டபோது இக்கரையில் ஸ்வீடன்காரனின் கொம்பு முழங்கியது. துரத்தி வந்து வேகமாக இறங்கிய இரண்டு குதிரைகள் கழுத்துவரை புதைந்ததும் மற்றவை அப்படியே நின்றுவிட்டன. முந்நூற்றுப் பத்துப் பேரில் ஒருவர்கூடக் குறையவில்லை. ஜெனரலுக்கு அழுகை வந்தது. சேற்றைத் துடைப்பதுபோல முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கரைமேட்டில் கனவான்கள் மேஜை போட்டு, கொடி நட்டு, பீர்ப் பீப்பாயோடு காத்திருந்தார்கள். தலைவர் தெயோடோராஸ் ஓடிவந்து ஜெனரலைக் கட்டிக்கொண்டார்.

"வந்துட்டீங்களே! இனிமே பயமில்ல. நூறு குதிரை சேத்திருக்கோம். ஆனா இந்தக் குடியானவப் பயலுக இருக்கானுங்களே, எல்லாம் கோடாரியோட அந்த மரங்களுக்குப் பின்னாடி உக்காந்திருக்கானுங்க. வாங்கடான்னா, எசமான் சண்டை எசமானோட போகட்டும்கிறானுங்க." பிறகுதான் உர்ஷுலேயைப் பார்த்தார். "வழி காட்டினவளா? போம்மா, அங்க வண்டிக்காரங்ககிட்ட கஞ்சி இருக்கும். ஜெனரல், நீங்க இப்படி நடுவுல உக்காருங்க."

உர்ஷுலே ஜெனரலைப் பார்க்கவில்லை. பாவாடையைப் பிழிந்துகொண்டு நின்றாள். அவள் இனி அவருக்குத் தேவையில்லை. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

இந்த நூறு குதிரை இல்லாமல் ஸ்வீடன்காரன் கையிலிருக்கும் வட்டாரக் கோட்டையைப் பிடிக்க முடியாது. இவர்களோ மூக்கின் நுனியில் மானத்தை வைத்திருக்கும் கூட்டம். ஜெனரல் மேஜையைப் பார்த்தார். வாய் உலர்ந்துவிட்டது. பீரங்கிக்கு எதிராகக் குதிரையை விட்டபோதுகூட இப்படி உலரவில்லை.

"அவங்க இங்கதான் உக்காருவாங்க," என்றார். "என் பக்கத்துல. அவங்க என் தேனுறவு."

மேஜையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தேனுறவு என்று எங்கள் நாட்டில் யாரும் பொய் சொல்வதில்லை.

"உறவா?" தெயோடோராஸ் அவளை மேலும் கீழும் பார்த்தார். "எப்பலேருந்து?"

"இருபத்தாறு வருஷமா. இவங்க புருஷன் ரொட்டியோட என் வாசலுக்கு வந்தாரு. நான்தான் திமிர்ல கதவைச் சாத்தினேன்." எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, படைக்குக் கட்டளையிடும் குரலிலேயே சொன்னார்.

கடைசியில் இருந்த இரண்டு கனவான்கள் கோப்பையைக் கவிழ்த்துவைத்துவிட்டு எழுந்தார்கள். "கண்டவளோட எல்லாம் உக்காந்து குடிக்க நாங்க வரல," என்று குதிரையேறினார்கள். அவர்களோடு அவர்கள் ஆட்களும் போனார்கள்.

"நாப்பது குதிரை போச்சு ஜெனரல்," என்றார் தெயோடோராஸ். ஆனால் சொல்லிக்கொண்டே பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். முணுமுணுத்துக்கொண்டேதான், என்றாலும் விட்டார்.

உர்ஷுலே உட்காரவில்லை. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஜெனரலின் முகத்தை முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். பிறகு மரங்களின் பக்கம் திரும்பி, காடு அதிரக் கத்தினாள்.

"ஏலே, கேட்டீங்களா? காது அடைச்சுப்போச்சா? வெளிய வாங்கடா! நம்ம வீட்டு ஆளுதான்!"

முதலில் ஒருவன் வந்தான். பிறகு மூன்று பேர். பிறகு கோடாரியும் கவைக்கோலும் அரிவாளுமாக மரமெல்லாம் நடந்துவருவதுபோல வந்தார்கள். அஸ்லான் இருநூறுவரை எண்ணிவிட்டு எண்ணுவதை நிறுத்திக்கொண்டான். அவர்களில் யாரும் தொப்பியைக் கழற்றவில்லை. முன்னால் வந்த கிழவன் ஒருவன் ஜெனரலின் சேறு படிந்த தோளில் கையை வைத்து, "எங்க நிக்கணும், சொல்லுய்யா," என்றான்.

முப்பத்திரண்டு வருஷப் பட்டாள வாழ்க்கையில் ராஜா கொடுத்த ஆட்களுக்கெல்லாம் தளபதியாக இருந்தவர் யெரோனிமாஸ் நர்வைஷா. தன் சொந்த ஊர் ஆட்களுக்குத் தளபதியானது அன்றைக்குத்தான்.