ஆலாத்திட்டில் காலி வீடு

"கடலு இன்னாடா பெரிய கடலு? எங்க பிள்ளைப்பாக்கம் ஏரில இல்லாத தண்ணியா?"

பக்கத்து வீட்டுக் கிளியம்மாள் போட்ட சத்தத்தில் எங்கள் வீட்டுக் குக்கர் விசில்கூட எடுபடவில்லை. அவள் வீட்டு மாடி ரூமில் வாடகைக்கு இருக்கும் மாரிசெல்வம் படியில் நின்று பதிலுக்குக் கத்தினான்.

"ஒருக்கா வந்து பாத்துட்டு ஏசுங்க, அத்தே!"

"யாருடா அத்தே? ஹவுஸ் ஓனரம்மான்னு கூப்புடு!"

விஷயம் இதுதான். மாரிசெல்வம் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரைக்காரன், ஒரகடத்தில் லாரி கம்பெனியில் வேலை. புருஷன் போனபின் கிளியம்மாள் தனி ஆளாக வளர்த்த மகள் இசைவாணி போன் கம்பெனியில் லைனில் நிற்கிறாள். இருவரும் ஒரே ஸ்டாப்பில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்ததில் கல்யாணப் பேச்சு வந்துவிட்டது. உப்பும் முள்ளுமாக இருக்கிற ஊருக்குப் பெண்ணைக் கொண்டுபோய்விடுவான் என்று கிளியம்மாளுக்குப் பயம்.

"எங்க ஊர்த் தீவைப் பாருங்க. பிடிக்கலைன்னா ரூமையும் காலி பண்ணுதேன், ஒங்க பொண்ணையும் மறந்துருதேன்."

"யாரைக் கேட்டுப் பந்தயம் கட்றே நீ?" என்று இசைவாணி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். ஆனால் கிளியம்மாள் அதற்குள் பையை எடுத்துவிட்டாள்.

நான்கு பேர் போனோம். நான்காவது ஆள் நான்தான். இவ்வளவு பெரிய விஷயத்துக்கு ஒரு சாட்சி வேண்டாமா?

மாரிசெல்வத்தின் சித்தப்பா கோமதிநாயகம், ஒண்டிக்கட்டை, எங்களைத் தன் படகில் ஆலாத்திட்டுக்குக் கூட்டிப்போனார். மனுஷ வாடையே இல்லாத தீவு. பால் மாதிரி மணல். கிழித்தெறிந்த காகிதமாக ஆலாப் பறவைகள் வானத்தில் சுற்றின. தண்ணீரில் பூநாரைகள் ஒற்றைக் காலில், ஷிப்ட் முடிந்து பஸ் வராதவர்கள் போல நின்றன. நான் வாயைப் பிளந்தேன்.

"ஒரு டீக்கடைகூட இல்ல," என்று கிளியம்மாள் மணலில் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாரிசெல்வத்துக்கு வியர்த்துவிட்டது.

திருப்பிய பக்கத்தில் சங்குநண்டுகள், பெரியதிலிருந்து சிறியதுவரை வரிசையாக நின்றன.

"ஒடம்பு வளந்தா ஓடு பத்தாது, அத்தே. பெரிய ஓடு ஒண்ணு காலியா ஒதுங்கிச்சுன்னா, வரிசையா நின்னு ஒண்ணு காலி பண்ணதுல அடுத்தது குடிபோயிரும்."

காலி என்ற சொல் கேட்டால் கிளியம்மாள் தூக்கத்திலும் எழுந்து உட்காருவாள்.

"சொல்லாம கொள்ளாமலா காலி பண்ணுது?" என்றவள் தவழ்ந்து கிட்டே போனாள். "ஏய், இன்னாத்துக்கு முட்றே? பெருசு முதல்ல போவட்டும். நீ ஆணி கீணி அடிக்கக் கூடாது, சொல்ட்டேன். பத்து மணிக்கு கேட்டைப் பூட்டிடுவேன்!"

நண்டுகள் அவள் சொன்னபடியே மாறின. மாறாமல் வேறென்ன செய்யும்? கடைசிக் குட்டி மட்டும் ஒரு பாட்டில் மூடிக்குள் ஒண்டிக்கொண்டு நின்றது. அதன் பங்குக்கு வந்த ஓட்டில் பெரிய ஓட்டை.

"மதினி, தண்ணி ஏறுது! வாங்க!" கோமதிநாயகம் படகிலிருந்து கூவினார்.

"இதுக்கு ஒரு வூடு அமையாம நான் வரமாட்டேன்!"

அலை முழங்காலைத் தொட, நாங்கள் குனிந்து வீடு தேடினோம். நான் கொண்டுபோனதற்கு வாசல் சின்னது என்றாள். இசைவாணி கொடுத்ததில் காற்றோட்டம் போதாதாம். மாரிசெல்வம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பாறையில் காலைக் கிழித்துக்கொண்டு, ஒரு சுருள் சங்கோடு வந்தான். அதைக் கழுவி, வாய் நண்டைப் பார்க்க வைத்துவிட்டுப் பின்வாங்கினான்.

கிளியம்மாள் நண்டைத் தள்ளப் போனாள்.

"தள்ளாதீங்க, அத்தே. அதுக்கே பிடிச்சாத்தான் போவும்."

குட்டி நண்டு மூடியை விட்டு வெளியே வந்தது. சங்கைச் சுற்றிப் பார்த்தது. சட்டென்று உள்ளே போய்விட்டது.

கிளியம்மாள் மகளைப் பார்த்தாள். 'அத்தே'யை இந்த முறை திருத்தவில்லை.

"பேச்சிலருக்கு வூடு வுட்டது என் தப்புடா. சீக்கிரம் ஃபேமிலியா மாறிக்கோ."

தையில் கல்யாணம் முடிந்தது. இசைவாணியும் மாரிசெல்வமும் இன்னும் எங்கள் பக்கத்து வீட்டு மாடியில்தான் இருக்கிறார்கள். தெற்கே போனது கிளியம்மாள். "குட்டிக்கு இன்னேரம் ஓடு பத்தாம பூட்டிருக்கும்," என்று பையோடு கிளம்பியவள் திரும்பவில்லை. கோமதிநாயகத்தைப் போனில் கேட்டால், "மதினி நண்டு பாக்க வந்திருக்காவ," என்கிறார்.

நேற்று அவளே பேசினாள். தான் இருந்த கீழ் வீட்டு வாசலில் 'வாடகைக்கு' போர்டு மாட்டச் சொன்னாள். குடும்பத்துக்கு மட்டுமாம்.