மூன்று எழுத்து தள்ளி

படைத்தலைவர் சலியேனஸை அவருடைய சொந்தப் பாசறைக்குள்ளேயே விடாமல் மழையில் நிறுத்தி வைத்தது எதிரிகள் அல்ல, எழுத்தனாகிய நான்தான்.

ரகசியம் எதுவானாலும் ஒவ்வோர் லத்தீன் எழுத்துக்கும் பதிலாக மூன்று இடம் தள்ளி நிற்கும் எழுத்தைப் போட வேண்டும் என்பது சீசரின் கட்டளை. பகல் முழுக்க அப்படியே எழுதிய கை, சாயங்காலம் காவலர்களுக்குப் போகும் அடையாளச்சொல் பலகையிலும் தள்ளிவிட்டது. காதல் தெய்வம் வீனஸ் இருக்க வேண்டிய இடத்தில் 'ப்ஹ்க்ப்க்ஸ்'.

வாயிலில் காவலன் வெத்தியஸ் ஈட்டியை நீட்டினான்.

"சொல் என்ன?"

"வீனஸ்."

"தப்பு."

"டேய், அந்தச் சொல்லைக் குடுத்ததே நான்தான்டா!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. பலகையில இருக்கறதச் சொல்லுங்க."

"என்னதான்டா இருக்கு?"

"நான் சொன்னா என் பல்லு உடைஞ்சுரும், ஐயா."

தலைவர் வாயிலுக்கு எதிரே, பீர் காய்ச்சி விற்கும் உள்ளூர்ப் பெண் லிதுகேனாவின் கொட்டகையில் ஒதுங்கினார். நான் ஓடிவந்து திருத்துவதற்குள், ரோமானியர் முகம் சுளிக்கும் அந்தக் கௌல் நாட்டு பீர் நாலைந்து குவளை உள்ளே போயிருந்தது. அதனால்தான் என் முதுகு தப்பியது. சவுக்கடிக்குப் பதில் தண்டனை, இனி எனக்குக் கோதுமை கிடையாது. கழுதைக்குப் போடும் பார்லிதான்.

எனக்கு வேறு கவலை. பாசறை கலையப் போகிறது. லிதுகேனாவை என்னோடு அழைத்துப்போக வசந்தத்திலிருந்து முயல்கிறேன். அவளோ, "என் கழுதையக் கேட்டுச் சொல்றேன்" என்பாள். அவள் பேச்சும் மூன்று எழுத்து தள்ளித்தான்.

மறுநாள் பார்லி மூட்டையோடு அவள் முன்னால் நின்றேன்.

"வாங்க எழுத்துக்காரரே! ப்ஹ்க்ப்க்ஸ்!"

ஊரில் அதைத் திக்காமல் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

"இது எனக்குத் தொண்டையில எறங்கல. நீ பீராவது காய்ச்சிக்கோ."

"இது ஊறி, முளைச்சு, பீராகறதுக்குள்ள நீங்க எங்கயோ போயிருப்பீங்களே. யாரு குடிக்கறது?"

"வண்டியில வெச்சே ஊறட்டும். உன் கழுதைக்கும் நாலு ஊர் பார்த்த மாதிரி இருக்கும்..."

"கழுதைய விடுங்க. 'அந்தப் பயலுக்கு எதையும் நேரா எழுத வராது'ன்னு உங்க தலைவரே சொன்னாரு. பேசவுமா வராது?"

மழை நின்றிருந்தது. சாக்குச் சொல்ல அதுவும் இல்லை.

"என்கூட வந்துரு, லிதுகேனா. நீ இல்லாம என்னால முடியாது."

மூட்டையை என் கையிலிருந்து பிடுங்கித் தன் வண்டியில் ஏற்றினாள்.

"வர்றேன்" என்றாள்.