மாண்புமிகு கியோகோராவின் பிரேக்

மாண்புமிகு கியோகோரா எந்தத் தேர்தலிலும் ஜெயித்ததில்லை. வார்டு உறுப்பினர் பதவிக்கு இரண்டு முறை நின்றார். இரண்டு முறையும் தோற்றார். ஆனாலும் எங்கள் ஊர் நன்யுகியில் அவரை மாண்புமிகு என்றுதான் கூப்பிட வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காது கேட்காது.

அவருடைய அப்பா விட்டுப்போன அறுபத்தெட்டாம் வருடத்து ஸ்டேஷன் வேகன், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, இருபது வருடமாகக் கோழிகள் முட்டையிடும் இடமாக இருந்தது. டிமாவ் பக்கம் ஒரு விடுதியில் பழைய கார் கண்காட்சி என்று அறிவிப்பு வந்ததும் அவருக்கு அப்பா மேல் திடீர்ப் பாசம் பொங்கியது. வண்டியை லாரியில் ஏற்றிக் கரிமியின் பட்டறையில் கொண்டுவந்து இறக்கினார்.

கரிமி எங்கள் ஊர் மெக்கானிக். என் உதிரிபாகக் கடையின் பக்கச்சுவர் தரும் நிழல்தான் அவள் பட்டறை. அதனால் நடந்ததற்கெல்லாம் நான் சாட்சி. கை வைத்த இடமெல்லாம் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் துருவாக உதிர்ந்தது. வெல்டர் லோக்வாங் இற்றுப்போன பகுதிகளை வெட்டியெடுத்துப் புது இரும்பு வைத்தான். வமைதா பின்பக்கத்து எதிரெதிர் சீட்டுகளைப் புதிதாகத் தைத்தாள். ஹலாக்கே பச்சைப் பெயின்ட்டை ஐந்து பூச்சு அடித்தான்.

வெள்ளோட்டத்துக்கு மாண்புமிகு தானே ஓட்டினார்; கரிமியும் நானும் பின்னால் வேறு வண்டியில் போனோம். டிமாவ் இறக்கத்தில் பழைய டிரம் பிரேக் வண்டியைப் பிடிக்கவில்லை, முள்வேலிதான் பிடித்தது. வேலிக்குள்ளிருந்து அவர் குரல் மெலிதாக வந்தது.

"கரிமிம்மா, இத என்ன வேணா பண்ணு."

"டிஸ்க் பிரேக் போட்டுடறேன். ஆனா பழைய வண்டிக்கு உள்ளது மாதிரி இருக்காது."

"நான் உயிரோட இருந்தா போதும்."

டிஸ்க் பிரேக் வந்தது. நொறுங்கிப்போன ஒரு பிக்கப்பின் டீசல் எஞ்சினும், சுண்டுவிரலால் திருப்பக்கூடிய பவர் ஸ்டீயரிங்கும் வந்தன. மொத்தம் பதினோரு மாத வேலை.

கண்காட்சியன்று கரிமி சர்ச்சுக்குப் போடும் உடையில் வந்தாள். "இங்க முப்பது பேர் பழைய வண்டி வெச்சிருக்காங்கண்ணே. மைக்ல ஒரு தடவ என் பேரு வந்தாப் போதும், வேலைக்கு நான் அலைய வேண்டியதில்ல" என்றாள்.

எங்கள் நாட்டில் மேடையேறினால் வந்திருப்பவர்களை வரிசைப்படி வணங்கிவிட்டுத்தான் பேச்சு. ஒருவரை விட்டால் அவர் முகத்தில் கதவைச் சாத்தியது போல. மாண்புமிகு யாரையும் விடவில்லை. நடுவர் பனேசர், விடுதி முதலாளி, அவர் மனைவி, பாதிரியார், காவல் அதிகாரி, பந்தல் போட்டவர், ஆட்டிறைச்சி சுடுகிறவர் எல்லாரையும் வணங்கினார். பிறகு சொன்னார்: "இந்த வண்டிய ஒவ்வொரு நட்டா, ஒவ்வொரு போல்ட்டா, என் கையாலயே நிமிர்த்தினேன்."

அந்தக் கையை எனக்குத் தெரியும். மூன்று மோதிரங்கள் உண்டு. ஸ்பேனரின் கீறல் ஒன்றுகூடக் கிடையாது. ஆடு சுடுகிறவருக்கு வணக்கம், எஞ்சினைத் தூக்கி வைத்தவளுக்குக் கிடையாது.  கரிமி தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடுவர் பனேசர் டார்ச்சோடு வண்டிக்கடியில் போய்விட்டு முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "டிஸ்க் பிரேக் எப்படி வந்துச்சு? எஞ்சினும் வேற. வண்டியோட வந்த பாகத்துக்குத்தான் மார்க், பாதி போயிடுமே."

மாண்புமிகு மைக்கை இறுகப் பிடித்தார். "அது நான் பண்ணலீங்க. கரிமின்னு ஒரு பொம்பள. என்னக் கேக்காமலே மாத்திட்டா."

ஆக, பெயர் மைக்கில் வந்துவிட்டது. பாராட்டுக்குத் தேவைப்படாத பெயர் பழிக்கு எவ்வளவு தெளிவாக ஒலிக்கிறது பாருங்கள்.

கரிமி நேராக நடந்துபோய் அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"நடுவர் ஐயாவுக்கு வணக்கம். மாண்புமிகுவுக்கும் வணக்கம். அவர் விட்டவங்கள நான் சொல்லிடறேன். டிக்கெட் வாங்கக் காசில்லாம வேலிக்கு அந்தப்பக்கம் நிக்கறானே, அவன் லோக்வாங், சேஸிஸ் அவன் வேல. பக்கத்துல வமைதா, சீட்டு தெச்சவ. தொப்பி போட்டவரு ஹலாக்கே, பெயின்ட்டு. பிரேக்கும் எஞ்சினும் மாத்தினது நான். கேட்டுத்தான் மாத்தினேன். அப்போ மாண்புமிகு டிமாவ் இறக்கத்து முள்வேலிக்குள்ள இருந்தாரு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பாதிரியார் இருமினார்.

"பழைய பிரேக் என் பட்டறையில பத்திரமா இருக்கு. இன்னிக்கே மாட்டிடறேன்" என்றாள்.

பனேசர் தாடியைத் தடவினார். "மாட்டினா பிரேக்குக்குப் போன மார்க்க நான் திருப்பித் தந்துடறேன். மாட்டச் சொல்லட்டுமா, மாண்புமிகு? வீட்டுக்கு இந்த இறக்கத்துல தானே போகணும்?"

மாண்புமிகு சாலையைப் பார்த்தார். மார்க் தாளைப் பார்த்தார். மறுபடி சாலையைப் பார்த்தார்.

"வேணாம்."

"சத்தமாச் சொல்லுங்க, எழுதணும்."

"இருக்கட்டும்னேன். நான்தான் போடச் சொன்னேன்."

பனேசர் சொல்லிக்கொண்டே எழுதினார்: "பிரேக், எஞ்சின், கரிமி, நன்யுகி. உரிமையாளர் சொல்லித்தான்." அதற்குள் இரண்டு பேர் அவளிடம் பட்டறைக்கு வழி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வேகன் கடைசி இடத்தில் வந்தது. மாண்புமிகு இன்றுவரை கரிமியிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. தினமும் அந்த இறக்கத்தில் உயிரோடு இறங்கிக்கொண்டிருக்கிறார்.