அஞ்சு மார்க்குக்கு அஞ்சு காரணம்

மலர்விழி டீச்சருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. விடியற்காலை அஞ்சு மணிக்கு ஊரான் வீட்டுப் பிள்ளைகளைப் போன் போட்டு எழுப்புவாள். பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவர்கள் நம்ம பக்கத்தில் செய்கிறதுதான் இது. மற்றவர்கள், "எழுந்தியா? மூஞ்சி கழுவினியா? புத்தகத்தை எடுத்தியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். மலர்விழி அப்படி லேசில் விடுகிற ஆளா? போனிலேயே பரீட்சை வைப்பாள்.

"இரண்டாம் உலகப்போர் என்னிக்கு ஆரம்பிச்சது? சொல்லு."

கொட்டாவி விட்டால் போச்சு. எதிர்ப்பக்கம் திட்டு மழைதான்.

அவள் குடியிருப்பது திண்டிவனத்தில். பள்ளிக்கூடம் மரக்காணம் தாண்டி, கடலை ஒட்டின ஒரு குப்பத்துக்குப் பக்கத்தில். தினமும் ரெண்டு பஸ் மாறிப் போய்வருவாள். பாடம் சமூக அறிவியல். போன வருஷம் அவள் பாடத்தில் மூணு பிள்ளைகள் பெயிலாகிவிட, விழுப்புரத்தில் நடந்த மீட்டிங்கில் அதிகாரிகள் முன்னால் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அந்த அவமானம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. அதனால் இந்த வருஷம் தேறாது என்று தோன்றின பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து, ஜனவரியில் வருகிற திருப்புதல் தேர்வுக்கு முன்னாலேயே உலகப்போர்ப் பாடத்தை மண்டையில் ஏற்றிவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டாள். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி ஆர்த்தி.

ஆர்த்தி மக்கு இல்லை. சொன்னால் சிரிப்பீர்கள், அவளுடைய பிரச்சினையே வேறு. எந்தக் கேள்விக்கும் ஒரே ஒரு பதில்தான் எழுதுவாள். இரண்டாம் உலகப்போருக்கான காரணங்களை விளக்குக என்றால், "ஹிட்லர்" என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுவாள்.

"ஏன்டி, அஞ்சு மார்க் கேள்விடி இது!"

"அவன்தான மிஸ் ஆரம்பிச்சான்? வேற யார எழுதறது?"

மலர்விழி தலையில் அடித்துக்கொள்வாள். "எந்தப் பெரிய சங்கடமும் ஒரு ஆளால வராது ஆர்த்தி. வெர்செய்ல்ஸ் உடன்படிக்கை ஒண்ணு. பொருளாதாரப் பெருமந்தம் ரெண்டு. பன்னாட்டுச் சங்கம் தோத்துப்போனது மூணு. பாசிசம், நாசிசம் தலைதூக்கினது நாலு. போலந்து மேல படையெடுத்தது அஞ்சு. அஞ்சு மார்க்குக்கு அஞ்சு காரணம். ஒரே ஒரு காரணத்த எழுதிட்டு வந்தா ஒரு மார்க்குதான் போடுவேன், ஆமா."

ஆர்த்தி வீட்டில் இருந்தது ஒரே போன். அது ஆர்த்தியின் அப்பா மண்ணாங்கட்டியினுடையது. முன்னால் பிறந்த ரெண்டும் தங்காமல் போனதால் இதாவது நிலைக்கட்டும் என்று வைத்த பேர். நல்ல மனுஷன். அதிர்ந்து பேசத் தெரியாது. சின்ன பைபர் போட் ஒன்று வைத்துக்கொண்டு மச்சான் சந்தோஷோடு மீன்பிடிக்கப் போவார்.

மலர்விழி முதல் தடவை அந்த நம்பருக்குப் போட்டபோது ஒரே காற்று இரைச்சல்.

"யாருங்க?"

"ஆர்த்தி அப்பாங்களா? நான் மலர்விழி டீச்சர் பேசறேன். ஆர்த்திய எழுப்புங்க."

"டீச்சருங்களா! வணக்கங்க. நான் கடல்ல இருக்கறேங்க. வல விட்டுக்கினு இருக்கறோம்."

அடுத்த நாளும் கடல். அதற்கு அடுத்த நாளும் கடல். மலர்விழிக்குக் கோபம் வந்துவிட்டது. வல்லம் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் காட்டில் வளர்ந்தவள் அவள். கடல் என்றால் அவளுக்குப் பஸ் ஜன்னலில் தெரிகிற நீலம், அவ்வளவுதான். தண்ணீருக்கு நடுவில் நிற்கிற ஆளுக்குப் போன் எதற்கு என்று யோசிக்க அவளுக்கு எப்படித் தோன்றும்?

"ஏங்க, மீனுக்கா போன் பண்ணப் போறீங்க? புள்ள பாசாவணுமா வேணாமா? போன வூட்ல வச்சிட்டுப் போங்க!"

"சரிங்க டீச்சர்."

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து போன் வீட்டில் இருந்தது. முதல் மணியிலேயே ஆர்த்தி எடுத்துவிடுவாள். மண்ணாங்கட்டி கடலுக்குப் போகாத நாளில் மட்டும் பின்னாலிருந்து அவர் குரல் கேட்கும். மகள் ஒவ்வொரு பதிலாகச் சொல்லி முடிக்க முடிக்க, "கரெக்டா சொல்றாளா டீச்சர்?" என்பார். கரெக்டுங்க என்று மலர்விழி சொன்னால் அவர் சிரிக்கிற சத்தம் போனில் நன்றாகக் கேட்கும். ஹிட்லர் யார், போலந்து எங்கே இருக்கிறது, எதுவும் அவருக்குத் தெரியாது. மகள் வாயிலிருந்து வருகிறது கரெக்ட் என்றால் போதும்.

ஆர்த்தியும் நாலு காரணம் வரைக்கும் வந்துவிட்டாள். அஞ்சாவதில் மட்டும் தினமும் முழிப்பாள்.

பொங்கல் முடிந்த வாரம் விழுப்புரத்தில் மறுபடி மீட்டிங். எட்டு மணிக்கே அங்கே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மலர்விழி விடியுமுன் எழுந்து, சோறு வடித்து, பிள்ளைக்கு டப்பா கட்டி, பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். அன்றைக்கு யாருக்கும் போன் பண்ணவில்லை. ஒரு நாள்தானே, நாளைக்குச் சேர்த்துக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

சாயந்தரம் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஹெட்மாஸ்டர் தேவசகாயம் கூப்பிட்டார்.

"மலர்விழிம்மா, நம்ம ஆர்த்தி அப்பா காலைல கடலுக்குப் போனவரு திரும்பல. தேடிக்கினு இருக்காங்க."

மச்சான் சந்தோஷ் அன்றைக்குக் காதுகுத்துக்குப் போயிருந்தார். மண்ணாங்கட்டி தனியாகப் போயிருக்கிறார். வாடைக்காற்று சுழற்றி அடித்த நாள் அது. மறுநாள் போட் மட்டும் கவிழ்ந்த மேனிக்குப் புதுச்சேரிப் பக்கம் ஒதுங்கியது. என்ஜின் நின்றுபோயிருக்கிறது என்றார்கள். அதற்கு அடுத்த நாள் அவரையும் கொண்டுவந்தார்கள்.

பாவி மனுஷி, எப்படித்தான் அந்த வீட்டுக்குள் கால் வைத்தாளோ! ஹெட்மாஸ்டர் பின்னாலேயே போய்ப் பெண்களோடு உட்கார்ந்தாள். வாசலில் ஆண்கள் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"என்ஜின் நிக்கறதுலாம் சகஜம்பா. ஒரு போனு போட்ருந்தா போதும். நாலு பேரு போயி கயிறு கட்டி இழுத்தாந்துருப்போம். சிக்னல் இருக்கற எடந்தான் அது."

"போன எடுத்துக்கினு போவலியே."

கடலில் போன் எதற்கு என்பது அப்போதுதான் மலர்விழிக்குப் புரிந்தது. ஆர்த்தியின் அம்மா சின்னபொண்ணு அவளைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள். வாயில் வந்தபடி திட்டப்போகிறாள், திட்டட்டும் என்றுதான் மலர்விழி காத்திருந்தாள். அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பாள்.

"நீங்க சொன்ன சொல்ல ஒரு நாளும் தட்டல டீச்சர். பொண்ணு படிக்கணும், டீச்சர் கூப்டுவாங்கன்னு போன வூட்லதான் வச்சிட்டுப் போவாரு. எம் பொண்ணு பாசாயிடுவா இல்ல டீச்சர்? அதாவது நடக்கட்டும் டீச்சர்."

அதில் ஒரு சொட்டுக் குத்தல் இல்லை. அதுதான் மலர்விழியைக் கொன்றது. பக்கத்தில் ஆர்த்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் காய்ந்து கிடந்தது. டிவி மேல் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு கதறினபோதும் அவள் அழவில்லை. அழுதுவிடு பெண்ணே, அழுதுவிடு என்று ஊரே கெஞ்சிப் பார்த்தது.

அன்றோடு மலர்விழி போன் போடுவதை நிறுத்திவிட்டாள். ஒரு பிள்ளைக்கும் போடவில்லை. அலாரத்தை அணைத்துவிட்டாலும் அஞ்சு மணிக்குக் கண் தானாகத் திறந்துகொள்ளும். போனைக் கையில் எடுப்பாள். அதில் 'ஆர்த்தி அப்பா' என்று பதிந்திருக்கும். அதைத் திருத்தவும் கை வரவில்லை, கூப்பிடவும் கை வரவில்லை. புருஷனிடம்கூடச் சொல்லாமல் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஆர்த்தி பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. ஹெட்மாஸ்டர் ஒரு நாள் ஸ்டாப் ரூமுக்கே வந்துவிட்டார்.

"இந்தத் திருப்புதல் தேர்வுக்கு அது வரலைன்னா அப்புறம் வரவே வராதும்மா. பாண்டில துணிக்கடைக்கு ஆள் கேக்கறாங்களாம். ஒரு வார்த்த நீங்க கூப்பிடுங்க."

"என்னால முடியாது சார்."

"ஏம்மா?"

வரலாற்று டீச்சருக்குக் காரணம் சொல்லத் தெரியாமல் போய்விட்டது.

திருப்புதல் தேர்வில் உலகப்போர்ப் பரீட்சை திங்கட்கிழமை. அன்றைக்கு விடியற்காலையில் மலர்விழியின் போன் அடித்தது. திரையைப் பார்த்தாள். 'ஆர்த்தி அப்பா'.

எடுத்தாள். காற்று இரைச்சல். ஒரு நொடி அந்த மனுஷனே பேசப்போகிறார் என்று நினைத்துவிட்டாள்.

"மிஸ்."

"ஆர்த்தி..."

"இன்னிக்குப் பரீட்ச மிஸ். நீங்க கூப்டுவீங்கன்னு போன வச்சிக்கினே உக்காந்துருந்தேன். ஏன் மிஸ் கூப்ட மாட்றீங்க?"

"எங்க இருக்கம்மா?"

"வெளில மிஸ். அப்பா போட்டாண்ட. அம்மா உள்ள இருக்குது. மிஸ், ஒண்ணு சொல்லட்டா? அம்மாக்குத் தெரியாது. அன்னிக்குக் காத்து ஒரு மாதிரி இருக்குதுன்னு அப்பா போன எடுத்து இடுப்புல சொருகிக்கினாரு மிஸ். நான்தான் பின்னாடியே ஓடி, மிஸ் கூப்டுவாங்க, குடுத்துட்டுப் போப்பான்னு புடுங்கிக்கினேன். சிரிச்சிக்கினே குடுத்துட்டுப் போனாரு." மறுபடி காற்று. "நீங்க அன்னிக்குக் கூப்டவே இல்ல மிஸ்."

கடவுளே! பெத்த அம்மாவிடம்கூடச் சொல்லாமல் இத்தனை நாளும் இதை நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது இந்தக் குழந்தை. தான் இப்போது அழுதால் எல்லாம் போச்சு என்று மலர்விழிக்குத் தெரிந்தது. அவளுக்குத் தெரிந்த ஒரே குரலை வரவழைத்தாள். வகுப்புக் குரல்.

"ஆர்த்தி, காரணங்களை விளக்குகன்னு கேட்டா எத்தன எழுதணும்?"

"அஞ்சு மிஸ்."

"ஒரே ஒரு காரணத்த எழுதினா?"

"ஒரு மார்க்குதான் மிஸ்."

"ஆங். நான் சொல்றேன், எண்ணிக்கினே வா. வாடைக்காத்து."

"மிஸ்..."

"எண்ணுடி!"

"ஒண்ணு."

"என்ஜின் நின்னது."

"ரெண்டு."

"உங்க மாமா அன்னிக்குக் கூடப் போகாதது."

"மூணு மிஸ்."

"கடலப் பத்தி ஒரு மண்ணும் தெரியாம, போன வூட்ல வச்சிட்டுப் போங்கன்னு அதட்டின மலர்விழி டீச்சர். நான்தான்டி சொன்னேன் அவர்கிட்ட. நீ இல்ல. அன்னிக்குக் கூப்பிடாம விட்டவளும் நான்தான்."

மலர்விழி விடவில்லை.

"எத்தனையாச்சு ஆர்த்தி?"

"நாலு மிஸ்."

தினமும் முழிக்கிற இடம். இன்றைக்கு அவள் முழிக்கவில்லை.

"அஞ்சாவது நான் மிஸ்."

இல்லை என்று மலர்விழி கத்தப்போனாள். அதற்குள் எதிர்ப்பக்கம் செருப்புச் சத்தம், சின்னபொண்ணுவின் குரல்.

"இருட்டுல இன்னாடி பண்ற இங்க? யாரு, டீச்சரா? குடு." போன் கை மாறியது. "டீச்சர், வணக்கங்க. நீங்க மறுபடி பாடம் கேக்க ஆரம்பிச்சிட்டீங்களா? நல்லாருப்பீங்க டீச்சர். அது இல்லாம ரொம்பப் பேஜாரா இருந்துது." மூச்சை இழுத்துவிட்டு, அந்த வீட்டில் இத்தனை நாள் வேறு ஒருத்தர் கேட்டுவந்த கேள்வியை அவள் கேட்டாள். "கரெக்டா சொல்றாளா டீச்சர்?"

மலர்விழி புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"நாலு கரெக்டுங்க. அஞ்சாவது தப்பு. அது காரணமே இல்ல. அத அழிச்சிடச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"ஏய், அஞ்சாவது தப்பாம்டி. அது காரணமே இல்லியாம். டீச்சரு அழிச்சிடச் சொல்றாங்க."

அப்புறம் ஒரு சத்தம் கேட்டது. மலர்விழி அதற்கு முன்னால் அப்படி ஒரு அழுகையைக் கேட்டதில்லை. காற்றையும் மீறிக்கொண்டு வந்தது. போன் மணலில் விழுந்திருக்க வேண்டும். தூரத்திலிருந்து சின்னபொண்ணு பதறுகிறது மட்டும் மெலிதாகக் கேட்டது.

"அய்ய, எம் பொண்ணே! ஒரு மார்க்குதானடி! அதுக்குப் போயி ஏன்டி இப்பிடி அழுவுற?"