குறி மாறும் இடங்கள்

“அப்படி என்னதான் ஆராய்ச்சி பண்றே?” கல்யாணமான மறுநாள் அம்மார் கேட்டான்.

“ஒரு வளைகோடு போகுதுன்னு வச்சுக்குங்க மச்சான். அதை ஒட்டியே ஒரு பல்லுறுப்புக்கோவை ஓடணும். அது பூஜ்யத்துக்கு மேல ஏறுனா இதுவும் மேல. அது கீழ இறங்குற அதே எடத்துல இதுவும் இறங்கணும்.”

“பொண்டாட்டி மாதிரின்னு சொல்லு.”

“ஏன், புருசன் மாதிரி இருக்கக் கூடாதா?”

அன்றைக்கே அவனிடம் ஒன்று கேட்க நினைத்தாள் ஃபஹ்மிதா. ஆனால் அவன் வேலை பார்க்கும் ஷார்ஜாவில் குடும்பம் வைத்தால் இங்கே வீட்டுக்கு மாடி எழும்பாது என்று மாமியார் சொல்லியிருந்தார். கேட்காமலேயே அவனை விமானம் ஏற்றினாள்.

இரண்டு வருடம் கழித்து லீவில் வந்தவன், நாளை மறுநாள் திரும்பப் போகிறான். இன்று லப்பைக்குடிக்காட்டிலிருந்து அவளோடு அரியலூர் டைப்பிங் சென்டருக்கு வந்திருந்தான். அவளுடைய ஆய்வேட்டை டைப் அடித்த உண்ணாமலை அக்கா கணிதக் குறிகளுக்கெல்லாம் இடம் விட்டிருந்தார். அவற்றைப் பேனாவால் நிரப்ப வேண்டும். வெளியே தூறல். சுண்ணாம்புக்கல் லாரிகள் சிந்திய வெள்ளைப் புழுதி கரைந்து, தெருவே பாலாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் மெல்ல வாசிக்க, அவன் எழுதினான். மழை எங்கே முடிகிறது, அவள் குரல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத மதியம்.

“மைனஸ், மச்சான். பிளஸ் போட்டுட்டீங்க.”

“புள்ளிக்கப்புறம் இத்தனை சைபர்! இம்மாத்துண்டு நம்பருக்கு பிளஸ் என்ன, மைனஸ் என்ன?”

“அதானே என் ஆராய்ச்சியே! எவ்வளவு நெருங்குனாலும், அது கீழ இருக்கறப்ப இது மேல இருந்தா ஆகாது.”

சொன்ன பிறகுதான் அவளுக்கு அந்தத் தழும்பு நினைவுக்கு வந்தது.

வெள்ளிதோறும் ஜும்ஆ தொழுகை முடிந்து அவன் போன் செய்வான். கூடத்தில் வீடே சூழ்ந்து நிற்கும். வெளிநாட்டுப் போனில் நல்லதை மட்டுமே பேசுவது ஊர் வழக்கம். இந்த லீவில்தான் அவன் வயிற்றில் தையல் தழும்பைப் பார்த்தாள். “குடல்வால் ஆபரேசன். மர்ஜியா கல்யாணத்தன்னிக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்துதான் பேசுனேன்” என்றான் சாதாரணமாக. அன்று போனில் அவள், தங்கை மர்ஜியாவின் விருந்தில் பிரியாணி அடிப்பிடித்த கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருந்தாள். அவன் மூச்சு காதோடு ஒட்டியிருந்தது. அத்தனை பக்கம். ஆனாலும் அவன் கோட்டுக்குக் கீழே, இவள் மேலே.

அம்மார் பிளஸ்ஸின் மேல் வெள்ளை மை தடவி, காயட்டும் என்று ஊதினான்.

“சரி, அந்தக் குறி எப்பவும் ஒத்துப்போக என்னதான் வழி?”

“வேற எடத்துல கொஞ்சம் தள்ளிப் போறதப் பொறுத்துக்கணும். அதுதான் வெலை.”

அவன் மைனஸ் போட்டுவிட்டு நிமிர்ந்தான். அவள் பேனாவை அவன் விரல்களிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

“மாடி மெதுவா எழும்பட்டும், மச்சான். போனதும் விசா எடுத்து என்னையும் உங்ககூடக் கூப்பிட்டுக்குங்க.”