கருப்பம்மாளின் கைராசி

வடமதுரைப் பக்கம் வெங்காயத் தோட்டக்காரர்களுக்கு ஒரு வழக்கம். மண்ணை வரிசையாக அணைத்துப் பார் பிடித்து, ஈரம் காட்டி, விதை வெங்காயத்தைக் கொட்டி வைத்திருந்தாலும் முதல் வெங்காயத்தைத் தாங்களே ஊன்ற மாட்டார்கள். கைராசியுள்ள ஒருத்தியை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பார்கள். அவள் ஊன்றிய பிறகுதான் ஆட்கள் பாரில் இறங்குவார்கள்.

பல வருஷங்களாக அந்தக் கை சுந்தரம்மாளுடையது. கூலி கிடையாது. ஆனால் அவள் வரப்பில் நடந்து வரும்போது ஆண்கள் துண்டை இறக்கி வழிவிடுவார்கள். அவளுக்கு அது போதும்.

அரசாங்கம் பரிசுச் சீட்டு விற்கத் தொடங்கிய மறு வருஷம் அதற்குக் கேடு வந்தது. அவளுடைய ஓரகத்தி கருப்பம்மாள் திண்டுக்கல் போக பஸ்ஸுக்கு நின்றாள். டீக்கடை ஆரோக்கியதாஸ் சீட்டுக் கட்டை நீட்டி, தனக்காக ஒன்று உருவித் தரும்படி விளையாட்டாகக் கேட்டார். அவளும் உருவினாள். அதற்கு ஐந்நூறு ரூபாய் விழுந்தது.

அவ்வளவுதான். ஊரே கருப்பம்மாள் வாசலுக்கு வந்தது. சூதாடினால் போலீஸ் பிடித்த காலம் போய், சர்க்காரே கடை போட்டுக் கூப்பிடும்போது யாருக்குக் கூச்சம்? கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து அவளை உருவச் சொன்னார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே மண்சுவர். அந்தப் பக்கத்துச் சிரிப்பெல்லாம் இந்தப் பக்கம் உலையில் விழுந்த கல்லாகக் கேட்டது சுந்தரம்மாளுக்கு.

"உனக்கென்னத்தா, மகாலெச்சுமி உன் விரல்லயே குடியிருக்கா" என்றாள் ஒரு நாள், கிணற்றடியில்.

கருப்பம்மாள் அதைப் பாராட்டு என்று எண்ணி வெட்கப்பட்டாள். அது சுந்தரம்மாளுக்கு இன்னும் எரிந்தது.

ஆடியில் வெங்காயத் தோட்டக்கார மலைச்சாமி வெற்றிலைத் தட்டோடு வந்தான். சுந்தரம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். அவனோ அவள் வாசலைக் கடந்து அடுத்த வாசலுக்குப் போனான். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. புரட்டாசி முதல் சனிக்கிழமை பெருமாள் சன்னிதியில் நின்று, கேட்கக் கூடாததைக் கேட்டாள். அந்தக் கை விளங்காமல் போக வேண்டும் என்று கேட்டாள்.

அந்த மாதக் குலுக்கலில் கருப்பம்மாள் உருவிய ஒரு சீட்டும் தேறவில்லை. மலைச்சாமி அய்யலூர்ச் சந்தையில் இரண்டு கிடாயை விற்று வாங்கிய சீட்டுகளும் அதில் அடக்கம். அவன் கருப்பம்மாள் வாசலில் வந்து நின்று கத்தினான். தரித்திரம் பிடித்த கை என்றான். பிறகு இந்தப் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான்.

"மதினி, புரட்டாசிப் பட்டத்துக்கு நாளைக்கு நீங்கதான் வந்து ஊணணும்."

சுந்தரம்மாள் தலையாட்டினாள். வாயெல்லாம் வெல்லம் கரைந்தது போலிருந்தது.

மறுநாள் விடிந்ததும் குளித்து, கண்டாங்கிச் சேலை கட்டிப் புறப்பட்டாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மெல்லிய குரல் வந்தது.

"அக்கா, நீங்க கெளம்புங்க. நான் உள்ளயே இருந்துக்கிறேன். எதுக்க வரமாட்டேன்."

சுந்தரம்மாள் வாசற்படியில் நின்றுவிட்டாள். கேட்டதைப் பெருமாள் கொடுத்துவிட்டார். கொடுத்தது எப்படி இருக்கிறது என்றும் காட்டிவிட்டார். இவள் சகுனம் கெடக் கூடாதென்று ஒருத்தி தன் வீட்டுக்குள்ளேயே ஒளிந்துகொண்டிருக்கிறாள்.

சுற்றிப் போய்க் கதவைத் தட்டினாள். "வாத்தா, போவோம்."

"என் கை வேணாங்க்கா."

"கெளம்புடி."

கையைப் பிடித்தே அழைத்துப் போனாள். வரப்பில் இருவரையும் பார்த்த மலைச்சாமிக்கு முகம் சுருங்கியது. இந்தக் கை எதற்கு மதினி என்று முணுமுணுத்தான்.

"ஏலே அப்பு, சீட்டுக்கும் மண்ணுக்கும் என்னலே சம்பந்தம்? கிடாயை வித்தது உன் கை. அவளையா வையுற?" என்றாள் சுந்தரம்மாள். "அவ ஊணுனா நானும் ஊணுறேன். இல்லைன்னா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போறோம்."

ஆட்கள் காத்திருந்தார்கள், ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. மலைச்சாமி துண்டை இறக்கி வழிவிட்டான்.

கருப்பம்மாள் முதல் வெங்காயத்தை ஊன்றினாள். பார்த்துக்கொண்டிருந்த சுந்தரம்மாளுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. பொறாமை அவ்வளவு லேசில் போகிற சாமான் இல்லை. அதோடேயே குனிந்து, பக்கத்தில் ஒரு சாண் தள்ளி, இரண்டாவதை அவள் ஊன்றினாள்.