பத்தொன்பதிலேயே நின்ற லயல் ஃபெடோருக்

லயல் ஃபெடோருக்குக்குப் பதினான்கு வருடங்களாகப் பத்தொன்பது வயது. ஓஸ்டர்வுட்டில் இதை யாரும் பெரிய விஷயமாகப் பேசுவதில்லை. கோதுமை என்ன விலை போகிறது, ஏரி எப்போது உறையும், புதிதாக வந்த பயிற்சியாளர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார் என்பதையெல்லாம் பேசி முடித்த பிறகு காப்பி மிச்சமிருந்தால் லயலைப் பற்றியும் பேசுவோம். அவன் பக்கத்து மாகாணமான மானிடோபாவிலிருந்து பதினெட்டு வயதில் எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அணிக்கு வந்தான். வெளியூர் ஆட்டக்காரர்களை ஊரார் தங்கள் வீட்டில் வைத்துச் சாப்பாடு போடுவது இங்கே வழக்கம்; லயலுக்கு டோரீன் கொஸ்திநியூக் வீட்டு பேஸ்மென்ட் கிடைத்தது. அந்த மார்ச் மூன்றாம் தேதி அவனுக்குப் பத்தொன்பது ஆனது. அடுத்த மார்ச் மூன்றாம் தேதி டோரீன் கேக்கில் இருபது மெழுகுவர்த்தி நட்டாள். பத்தொன்பது எரிந்தன, இருபதாவது எரியவில்லை. ஒரு தீப்பெட்டி காலியானது. டோரீனின் கணவர் வால்ட்டர் கொட்டகையிலிருந்து குழாய் ஒட்டும் நெருப்புக்குழலைக் கொண்டுவந்து காட்டினார். கேக் கருகியது, மெழுகுவர்த்தி அப்படியே இருந்தது. "விடுங்க, அதுக்கு இஷ்டமில்ல போல," என்று டோரீன் கருகின பக்கத்தை வெட்டி வால்ட்டரின் தட்டில் வைத்தாள். அடுத்த வருடத்திலிருந்து பத்தொன்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

இருபதைத் தாண்டியவன் இந்தப் பிரிவில் ஆடக்கூடாது என்பது விதி. எதிரணிகள் சும்மா இருக்குமா? புகார் மேல் புகார் போனது. லீக் அலுவலகம் மூன்று முறை ஆள் அனுப்பியது. பல் மருத்துவர் பல்லைப் பார்த்துப் பத்தொன்பது என்றார். எலும்பைப் படம் பிடித்தவரும் பத்தொன்பது என்றார். பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால், பிறந்த வருடம் ஒவ்வொரு மார்ச்சிலும் ஒன்று கூடியிருந்தது, அதே தட்டச்சு மையில், அடித்தல் திருத்தல் இல்லாமல். மூன்றாவது முறை வந்த அதிகாரி டோரீன் செய்த உருளைக்கிழங்கு அடைத்த பெரோகியில் ஒரு டஜனை உள்ளே தள்ளிவிட்டு, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுப் போனார்.

இதற்கெல்லாம் காரணம் ஆர்வில் பென்னர் என்பது இரண்டாவது வருடத்திலேயே ஊருக்குத் தெரிந்துவிட்டது. பெரிய நகரத்து அணி ஒன்று எங்கள் அணியைப் போல ஆறேழு சிற்றூர் அணிகளில் தன் பையன்களை வளரவிட்டிருந்தது; அவர்களில் யார் தேறுவான், யார் தேறமாட்டான் என்று பார்த்து எழுதுவது ஆர்வில்லின் வேலை. அரங்கத்தின் ஒன்பதாம் வரிசையில் தூணை ஒட்டிய இருக்கையில், சூரியகாந்தி விதை கொறித்துத் தோலைக் காகிதக் கோப்பையில் துப்பியபடி உட்கார்ந்திருப்பார். அவருடைய படிவத்தில் சறுக்கு, கை, அடி, ஆட்டம் புரிகிற புத்தி, குணம் என்று கட்டங்கள் இருந்தன. கடைசிக் கட்டத்தில் தீர்ப்பு: மேலே அனுப்பலாம், அல்லது விட்டுவிடலாம், அல்லது இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம். ஆர்வில் தன் வாழ்நாளில் 'விட்டுவிடலாம்' என்று எழுதியதே இல்லை. அவருடைய பத்தொன்பதாவது வயதில் யாரோ அவரைப் பற்றி அப்படி எழுதி, அந்தக் காகிதத்தை அவர் ஒரு பேருந்து நிலையத்தில் நின்றபடி படித்தார்; அந்த நிலையத்தின் சுவர் என்ன நிறம் என்று இன்றைக்கும் சொல்லுவார். அதனால் தேறாதவர்கள் எல்லோருக்கும் இன்னும் ஒரு வருடம்.

மற்ற பையன்கள் ஒரு வருடமோ இரண்டோ பார்ப்பார்கள். பிறகு அலுத்துப்போய், ஆர்வில்லை நாலு வார்த்தை திட்டிவிட்டு, குழாய் வேலைக்கோ கல்லூரிக்கோ போய்விடுவார்கள். லயல் அப்படிப்பட்டவன் இல்லை, சொன்னதைச் செய்கிறவன். பின்னால் வந்து தடு என்றால் தடுப்பான், பெஞ்சில் உட்கார் என்றால் உட்காருவான், ஏன் என்று கேட்கமாட்டான். குணம் என்ற கட்டத்தில் எப்போதும் பத்துக்குப் பத்து. இன்னும் ஒரு வருடம் என்று எழுதியதும் அவன் உடம்பும் அதைக் கேட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. இது டோரீன் சொன்ன விளக்கம். இத்தனை வருடத்தில் எனக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்கவில்லை.

டோரீனின் இரண்டு பெண்களுக்கும் லயல் கணக்குச் சொல்லிக்கொடுத்தான். பிறகு அவர்கள் அவனைவிடப் பெரியவர்களாகி, ஈரத் துண்டைத் தரையில் போடுகிறான் என்று அவனைத் திட்டினார்கள். அவன் தம்பி கோர்டிக்கு முன்தலை வழுக்கை விழுந்தது. தனக்குப் பத்தாத கால்சட்டைகளை அண்ணனுக்குப் பார்சலில் அனுப்பினான், தொலைபேசியில் அவனை "டேய் தம்பி" என்று கூப்பிட்டான். முதல் வருடம் லயலோடு ஒரே வரிசையில் ஆடிய ட்ரென்ட் போய், கல்யாணம் செய்துகொண்டு, விவாகரத்தும் செய்துகொண்டு, எங்கள் அணிக்கே பயிற்சியாளராகத் திரும்பி வந்தான். வந்த முதல் நாளே, "நீ இன்னுமா அந்த இடப்பக்கத் திருப்பத்த சரி பண்ணல?" என்று கத்தினான். லயல் இடப்பக்கம் திரும்பினால் இரண்டடி விலகிப்போவான். தினமும் காலையில் நூறு முறை இடப்பக்கம் திரும்பிப் பழகினான். உடம்பு மாறாமல் நின்றுவிட்டதால் பழகியது எதுவும் அதில் ஒட்டவில்லை. பெரிய அணி எங்கள் அரங்கத்துக் கூரையில் கேமராக்களை மாட்டி எல்லோருடைய வேகத்தையும் அளந்தபோது, லயலின் எண்கள் போன வருடமும் இந்த வருடமும் புள்ளிக்குப் பின்னால் மூன்று இடம் வரை ஒன்றாக இருந்தன. இயந்திரம் பழுதென்று நினைத்து மூன்று முறை கழற்றி மாட்டினார்கள்.

இதில் உண்மையாகவே அடிபட்டவள் மார்லீன் ஹோல்ட்டர் ஒருத்திதான். அரங்கத்தில் ஐஸை மழமழப்பாக்கும் வண்டியை ஓட்டுகிறவள். லயல் வந்தபோது அவளுக்கும் அவன் வயதுதான். இருவரும் பழகி, ஏரிக்கரையில் எந்த மனை வாங்கலாம் என்று பார்க்கிற அளவுக்குப் போயிருந்தார்கள். அவளுக்கு இருபத்துநான்கு ஆன அன்று கடைக் கண்ணாடியில் இருவரும் சேர்ந்து தெரிந்தார்கள். "போதும்டா. இப்பவே நான் உன் டீச்சர் மாதிரி இருக்கேன். நீ வளந்துட்டு வா, அப்புறம் பாக்கலாம்," என்றாள். அவன் வழக்கம்போலச் சரி என்றான். அதன் பிறகு ஆட்டம் முடிந்ததும் அரங்கத்து உணவுக்கடை முன்னால் நின்று ஒரு தட்டு உருளைவறுவலைப் பங்குபோட்டுக்கொள்வதோடு சரி. யார்க்டன் ஊர் இன்ஷூரன்ஸ்காரர் ஒருவர் இரண்டு வருடம் அவளைச் சுற்றிச்சுற்றி வந்தார். மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டாள். யாருக்காகக் காத்திருக்கிறாய் என்று கேட்டால் வண்டியைக் கிளப்பிவிடுவாள். அவளை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

பதினான்கு வருடம் முடிந்த ஏப்ரல் மாதம், கேமராக்களே போதும் என்று பெரிய அணி ஆர்வில்லை வீட்டுக்கு அனுப்ப முடிவு செய்தது. உணவுக்கடையில் காப்பிக்கு நின்றபோது அவரே மார்லீனிடம் அதைச் சொன்னார். தான் கடைசியாக எழுதிய தீர்ப்புகளை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவார்கள் என்றார்.

"அப்ப லயலுக்கு?"

"அவனுக்கும் அதேதான். போன வருஷம் எழுதினது தானா ஓடிக்கிட்டே இருக்கும். அதத் திருத்த ஆள் கிடையாது."

"எத்தன வருஷம் ஓடும்?"

ஆர்வில் விதைத் தோலைத் துப்பினார். "யாராவது கரண்ட்ட நிறுத்தற வரைக்கும்."

மார்லீன் வறுவல் தட்டைக் கீழே வைத்தாள். "எனக்கு எழுவது வயசாகும்போதும் அவன் டோரீன் வீட்டு பேஸ்மென்ட்லயே கெடப்பான். நல்லாருக்கா உங்களுக்கு? நீங்க இன்னும் ரெண்டு வாரம்தான் வேலைல இருக்கீங்க. ஒரு வார்த்த எழுதினா கை ஒடிஞ்சா போயிடும்?"

"அவன் மனசு ஒடிஞ்சிடும், மார்லீன்."

"அவன் மனசப் பத்தி உங்களுக்கு என்ன? அதுக்கு உங்க படிவத்துல கட்டமே இல்ல."

ஆர்வில் அன்றைக்குக் காப்பியைக் குடிக்காமலே போனார். அடுத்த நான்கு நாளும் அவர் வீட்டு வாசலிலிருந்து கார் நகரவில்லை. அந்த நாலு நாளில் அவர் ஒரு பக்கம் எழுதினார் என்றும், பென்சில் மூன்று முறை உடைந்தது என்றும் அவர் மனைவி பின்னால் சொன்னாள்.

ஆட்டப் பருவம் முடிந்ததும் ஒவ்வொரு ஆட்டக்காரனையும் உட்காரவைத்து அவனைப் பற்றிய தீர்ப்பை முகத்துக்கு நேரே சொல்வது முறை. ஆர்வில் அதை எப்போதும் நடைபாதையில் ஒரு கைகுலுக்கலோடு அரை நிமிடத்தில் முடித்துவிடுவார். இந்த முறை சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கழுத்தில் டை கட்டிக்கொண்டு டோரீன் வீட்டுச் சமையலறைக்கு வந்தார். மார்லீன் ஏற்கெனவே வந்து, வண்டிச் சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். லயல் சாப்பாட்டு மேசையில், எதுவும் தெரியாமல், ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். ஆர்வில் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. காகிதத்தை விரித்து வாசித்தார்.

"வேகம் போதும். கை சுமார். அடி சுமாருக்கும் கீழே. இடப்பக்கத் திருப்பம் சரியாகாது. கூட ஆடுகிறவன் விழுந்தால் முதலில் போய்த் தூக்குகிறவன் இவன்தான். பதினான்கு வருடத்தில் யாரையும் ஒரு குறை சொன்னதில்லை. மேல்நிலை ஆட்டத்துக்கு இவன் போகமாட்டான். இது இவன் வந்த முதல் நவம்பரிலேயே எனக்குத் தெரியும். விட்டுவிடலாம்."

லயல் கத்தியைத் தட்டின் ஓரத்தில் வைத்தான். "நவம்பர்லயேவா?"

"பதினேழாம் தேதி. செவ்வாய்க்கிழம. ப்ராக்டிஸ் பாத்துட்டிருந்தேன்."

"டிசம்பர்ல சொல்லியிருக்கலாமே, ஆர்வில்," என்றான் லயல். அவன் ஒருவரைக் குறைசொல்லி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. டோரீன் அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க சொல்லியிருந்தா ரெண்டு நாள் அழுதிருப்பேன். அழுதுட்டு, வேற வேலயப் பாத்துட்டுப் போயிருப்பேன். தெனம் நூறு தடவ திரும்பினேனே. ஒக்காந்து பாத்துட்டுத்தானே இருந்தீங்க?"

ஆர்வில் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதான். எனக்குத் தைரியம் இல்ல. ஒன்னப் பாத்தா சொல்ல வாய் வரல," என்றார். லயல் அழுதான். அழத் தொடங்கியது பத்தொன்பது வயதுப் பையன். மூக்கைச் சிந்தும்போது அவனுக்கு இருபத்தைந்து இருக்கும். பனியிலிருந்து வருகிற விருந்தாளிகள் வாசலில் பூட்ஸைத் தட்டிவிட்டு ஒவ்வொருவராக உள்ளே வருவதுபோல, வருடங்கள் நெரிசல் இல்லாமல் வந்து அவன்மேல் உட்கார்ந்தன. கன்னத்தில் தாடி வந்தது, நெற்றி கொஞ்சம் மேலேறியது, சட்டையின் மூன்றாவது பொத்தான் தெறித்துப் பால் ஜாடிக்கு அருகில் விழுந்தது. டோரீன் அதை எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவனுக்கு முப்பத்துமூன்று.

"வலிக்குதா?" என்று கேட்டாள் மார்லீன்.

"முட்டி மட்டும். இது எப்ப வந்துச்சுன்னு தெரியல."

"இருவத்தெட்டுல வந்திருக்கும்," என்றாள் டோரீன். "வால்ட்டருக்கும் அப்பத்தான் வந்துச்சு."

லயல் மார்லீனை ஏற இறங்கப் பார்த்தான். கண்ணோரத்தில் சுருக்கமும் காதருகே இரண்டு நரைமுடியுமாக அவள் உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்தில் ஒவ்வொரு வருடமும் ஏறியதை ஊரே பார்த்திருக்கிறது. "நீ கொஞ்சம்கூட மாறவே இல்லையே," என்றான்.

பதினான்கு வருடம் கண்கலங்காத மார்லீன் சாவியை மேசைமேல் போட்டுவிட்டுச் சத்தமாக அழுதாள், நடுநடுவே சிரித்தாள், அவன் தோளில் ஓங்கி ஒன்று போட்டாள். ஆர்வில் எழுந்து போகலாமா இருக்கலாமா என்று தெரியாமல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். லயல் காலால் ஒரு நாற்காலியை அவர் பக்கம் தள்ளினான். "உக்காருங்க. கோவம் போக நாளாகும், அதுவரைக்கும் நின்னுட்டே இருப்பீங்களா?" என்றான். டோரீன் ஆர்வில்லுக்கும் சேர்த்து எட்டு முட்டை உடைத்து ஊற்றி, அடுப்பைக் கூட்டி வைத்தாள்.